ஈரோடும் ஹார்லெமும்

ஒரு மனிதரைச் சிறையில் அடைத்த அரசே பிற்காலத்தில் அவருடைய உருவத்தை அஞ்சல்தலையில் பொறிப்பது வரலாற்றில் புதிய செய்தியன்று. 1957ஆம் ஆண்டில் தந்தை பெரியார் ஈ.வெ. ராமசாமி அவர்களைச் சிறைக்கு அனுப்பிய நாடு, 1978இல் அவருடைய நூற்றாண்டையொட்டி அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்புச் செய்தது. அல்ஹாஜ் மாலிக் அல்ஷபாஸ் என்று இறுதியில் பெயர் பூண்ட மால்கம் எக்ஸ் உயிரோடிருந்த நாளெல்லாம் அவரை நிழல்போல் பின்தொடர்ந்தது அமெரிக்க உளவுத்துறை. அந்த அமெரிக்காவே 1999இல் அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கையில் ஒரு வினா எழுகின்றது. இந்நாடுகள் இவ்விருவரையும் முழுமையாக ஏற்றுக்கொண்டனவா? அல்லது தமக்கு இசைந்த ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபாதியை மறந்துவிட்டனவா?

கோவையில் வாழ்கின்ற நமக்கு இவ்வினா வெறும் ஏட்டு வினா அன்று. மஞ்சள் மண்டிகளுக்குப் பெயர்பெற்ற ஈரோடு இங்கிருந்து நூறு கிலோமீட்டர் தொலைவுதான். அவ்வூரின் வணிகக் குடும்பம் ஒன்றில் 1879இல் பிறந்து, அவ்வூர் நகராட்சிக்குத் தலைவராய் இருந்து, 1925இல் அங்கிருந்தே 'குடிஅரசு' இதழைத் தொடங்கியவர் பெரியார். அவருடைய சிலைக்குக் கோவை சுந்தராபுரத்தில் காவிச் சாயம் ஊற்றப்பட்டது 2020ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில். மறைந்து ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆன பின்னும் ஒருவருடைய சிலை வணங்கவும் படுகிறது, இழிவும் செய்யப்படுகிறது என்றால், அவரைப் பற்றிய தீர்ப்பு இன்னும் எழுதி முடிக்கப்படவில்லை என்றே பொருள்.

கறுப்பினத் தேசியம் என்பது யாது?

அமெரிக்காவில் அடிமைகளாய் இறக்குமதி செய்யப்பட்டோரின் வழித்தோன்றல்கள் தம்மைத் தனியொரு தேசிய இனமாகக் கருதவேண்டும். தமக்கெனத் தொழில், கல்வி, வழிபாடு, இயலுமானால் நிலமும் தேடிக்கொள்ளவேண்டும். வெள்ளையரிடம் மரியாதையை யாசித்து நிற்றலாகாது. கறுப்பினத் தேசியம் என்று வழங்கப்படும் கருத்தின் சாரம் இதுவே. இதனைப் பெருந்திரளான மக்களிடம் கொண்டு சென்றவர் மார்க்கஸ் கார்வி. 1887இல் ஜமைக்காவில் பிறந்த இவர், நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியைத் தம் இயக்கத்தின் தலைமையிடமாக்கிக் கொண்டார். கறுப்பின மக்களின் பங்குப்பணத்தைக் கொண்டே கப்பல் நிறுவனம் ஒன்றையும் நடத்தினார். அஞ்சல்வழி மோசடி என்னும் குற்றச்சாட்டில் 1923இல் தண்டிக்கப்பட்டு, சிறையிருந்து, 1927இல் நாடு கடத்தப்பட்டார். 1940இல் லண்டனில் மறைந்தார். அவருக்கு அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் மன்னிப்புக் கிட்டியது 2025ஆம் ஆண்டு ஜனவரியில்! எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்து வந்த அந்த மன்னிப்பினால் கார்விக்கு ஆனது ஒன்றுமில்லை. அவரைத் தண்டித்த நாட்டுக்கே அது தேவைப்பட்டது.

கார்வியின் கொள்கையைப் பரப்பிய போதகர்களுள் ஒருவரே மால்கமின் தந்தை. மால்கமுக்கு ஆறு வயதாகும்போது டிராம் வண்டியின் சக்கரத்தில் சிக்கி அவர் இறந்தார். வெள்ளை வெறியர்களே கொன்று தண்டவாளத்தில் இட்டனர் என்று குடும்பத்தார் நம்பினர். சிதறுண்ட குடும்பம், தெருவாழ்க்கை, திருட்டு, 1946 முதல் 1952 வரை சிறை என்று சென்ற இளைஞருக்குச் சிறைக்குள் கிடைத்தது எலிஜா முஹம்மதின் போதனை.

இங்கே நம் வாசகர்கள் ஒன்றைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். 'இஸ்லாமிய தேசம்' என்று தன்னை அழைத்துக்கொண்ட எலிஜா முஹம்மதின் இயக்கம், பெயரளவில்தான் இஸ்லாத்தோடு உறவுடையது. அதனைத் தோற்றுவித்தவரை இறைவனின் வடிவம் என்றது. எலிஜாவை இறைத்தூதர் என்றது. வெள்ளையரைப் பிறவியிலேயே சாத்தான்கள் என்றது. இம்மூன்றும் ஓரிறைக் கொள்கைக்கும், இறுதி நபித்துவத்துக்கும், மானிட சமத்துவத்துக்கும் நேர் முரணானவை. ஆயினும், குடியையும் சூதையும் விட்டு, குளித்து உடையணிந்து, குடும்பத்தைக் காத்து, நிமிர்ந்து நடக்கும்படி ஆயிரக்கணக்கான கைதிகளையும் ஏழைகளையும் அது மாற்றியது என்பதும் உண்மை. கொள்கைப் பிழையும் மனிதப் பயனும் ஒரே இடத்தில் கலந்திருந்தன.

அமெரிக்க அரசியலின் பார்வை

1959இல் அமெரிக்கத் தொலைக்காட்சி இவ்வியக்கத்தைப் பற்றி ஒரு செய்திப்படம் காட்டியது. வெறுப்பு ஈன்ற வெறுப்பு என்பது அதன் தலைப்பின் பொருள். அன்று முதல் வெறுப்பு என்னும் சொல்லே கறுப்பினத் தேசியத்துக்கு மறுபெயராயிற்று. 1967இல் உளவுத்துறை வகுத்த இரகசியத் திட்டத்திலும் 'கறுப்பினத் தேசிய வெறுப்புக் குழுக்கள்' என்ற தலைப்பே இடப்பட்டது. கறுப்பின மக்களை ஒன்றுதிரட்டவல்ல ஒரு மீட்பர் தோன்றிவிடாமல் தடுக்கவேண்டும் என்று 1968 மார்ச்சில் அத்துறை தன் அலுவலகங்களுக்கு எழுதியது. அதில் எலிஜா முஹம்மதின் பெயர் மட்டுமன்று, அகிம்சையைப் போதித்த மார்ட்டின் லூதர் கிங்கின் பெயரும் இருந்தது என்பது கருதத்தக்கது. பின்னர் 1975, 76ஆம் ஆண்டுகளில் செனட் சபையின் விசாரணைக் குழு இவற்றை வெளிக்கொணர்ந்தது.

இன்று அமெரிக்காவில் கிங்கின் பிறந்தநாள் அரசு விடுமுறை. மென்மையான நல்லவர் கிங், கடுமையான கெட்டவர் மால்கம் என்று பள்ளிச் சிறுவரும் பாடம் ஒப்பிப்பர். ஆனால் 1966இல் எடுக்கப்பட்ட கருத்துக் கணிப்பில் அமெரிக்கரில் நூற்றுக்கு 63 பேர் கிங்கைப் பற்றியும் நல்லெண்ணம் கொண்டிருக்கவில்லை. நல்லவர், கெட்டவர் என்னும் பிரிவினை அவர்கள் மறைந்த பின் செய்யப்பட்டது. உயிரோடிருந்தபோது இருவருமே தொல்லையாகத்தான் கருதப்பட்டனர்.

இதைவிட நுட்பமான மற்றொரு வழக்கம் அங்கே உண்டு. கறுப்பின அரசியல்வாதி ஒருவர் உயர்ந்த பதவிக்குப் போட்டியிடும்போது, தேசியவாதத் தலைவர் ஒருவரின் பெயரைச் சொல்லி, அவரை நீர் மறுதலிக்கிறீரா என்று கேட்பர். 1984இல் ஜெஸ்ஸி ஜாக்சனிடம் கேட்டனர். 2008இல் பராக் ஒபாமாவிடம் தொலைக்காட்சி விவாத மேடையிலேயே கேட்டனர். 2006இல் அமெரிக்கக் காங்கிரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் முஸ்லிமான கீத் எல்லிசன், அத்தேர்தலின்போது தம் இளமைக்காலத் தொடர்புகளை மறுதலித்துக் கடிதம் எழுதவேண்டியதாயிற்று. இம்மூவரிடமும் கேட்கப்பட்ட பெயர் லூயிஸ் ஃபரக்கானுடையது. யூதர்களைப் பற்றி ஃபரக்கான் பேசிய பேச்சுக்கள் கண்டிக்கத்தக்கவை. அவற்றுக்கு வக்காலத்து வாங்க நமக்கு மனமில்லை, மார்க்கமும் இடந்தராது. ஆனால் இக்கேள்வி எந்தக் கறுப்பருக்கும் தப்பாமல் வருகின்றது. இனவெறியர் பலரோடு கைகுலுக்கிய வெள்ளை வேட்பாளருக்கு அவ்வளவு தவறாமல் வருவதில்லை. தவறு கேள்வியில் இல்லை. அதைச் சிலரிடம் மட்டும் கேட்பதில் இருக்கின்றது.

இவ்வேதனை கோவை முஸ்லிம்களுக்கு விளக்கிச் சொல்லவேண்டியதன்று. 1997 இறுதியில் நடந்த கலவரமும், 1998 பிப்ரவரி 14இல் 58 உயிர்களைக் குடித்த குண்டுவெடிப்பும் நம் நகரின் ஆறாப் புண்கள். அக்கொடுஞ்செயலைக் கண்டிக்காத நல்ல முஸ்லிம் இல்லை. ஆயினும், அதன்பின் பல ஆண்டுகள், வாடகைக்கு வீடு கேட்கச் சென்றவரும் வேலை கேட்கச் சென்றவரும் தம் பெயரைச் சொல்லுமுன் தம் கண்டனத்தைச் சொல்லவேண்டியிருந்தது. ஹார்லெமில் வாழும் கறுப்பருக்கு இது புதிதாய்த் தோன்றாது.

ஈரோட்டுக்கு வருவோம்

'தமிழ்நாடு தமிழருக்கே' என்று 1938இல் முழங்கிய பெரியார், 1940 ஜனவரியில் பம்பாய் சென்று ஜின்னாவையும் அம்பேத்கரையும் சந்தித்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் திருவாரூரில் கூடிய நீதிக்கட்சி மாநாடு திராவிடநாடு தனியே வேண்டும் என்றது. 1944இல் சேலத்தில் அக்கட்சி திராவிடர் கழகமாயிற்று. 1947 ஆகஸ்ட் 15ஐத் துக்கநாள் என்றார் பெரியார். அவருடைய தலைமாணாக்கரான அண்ணாவே அதனை ஏற்கவில்லை. 1957 நவம்பரில் சாதியைக் காக்கும் பகுதிகள் உள்ளன என்று கூறி அரசியல் சட்டத்தைக் கொளுத்தினார். தொண்டர் ஆயிரக்கணக்கானோர் சிறை புகுந்தனர். அக்காலத்தில் பிரதமர் நேரு, முதல்வர் காமராசருக்கு எழுதிய கடிதத்தில், இவரை மனநோய் மருத்துவமனையில் சேர்க்கவேண்டும் என்னும் பொருள்பட எழுதினார். அக்காமராசரையே தமிழரின் காவலராகக் கருதி 1954 முதல் ஆதரித்து வந்தவர் பெரியார் என்பது காலத்தின் விசித்திரம்.

தேசிய வரலாறு எழுதுவோர் பெரியாருக்குத் தரும் பட்டங்கள் இரண்டு: பிரிவினைவாதி, பிரிட்டிஷாரின் கையாள். முதலாவதை அவரே மறுக்கமாட்டார். இரண்டாவது ஆராயத்தக்கது. நீதிக்கட்சி பிரிட்டிஷாரோடு ஒத்துழைத்தது உண்மை. ஆனால் 1924இல் வைக்கத்தில் ஒடுக்கப்பட்டோரின் தெருவுரிமைக்காக இருமுறை சிறை சென்றவரும், 1933இல் குடிஅரசில் எழுதிய தலையங்கம் ஒன்றுக்காக அதே பிரிட்டிஷ் ஆட்சியால் அரசநிந்தனைக் குற்றம் சாட்டப்பட்டுத் தண்டனை பெற்றவரும் அவரே. அவ்வழக்கில் இதழின் வெளியீட்டாளர் என்ற முறையில் அவருடைய தங்கை கண்ணம்மாளும் தண்டனை பெற்றார். கையாளைத் தன் கையாலேயே சிறையில் அடைக்கும் எசமானன் உண்டோ?

மால்கமைப் போலவே இவரையும் வெறுப்பின் தலைவர் என்பர். வெறுப்புச் சொற்கள் இவரிடமும் உண்டு. ஒரு பிறப்பினரை மொத்தமாய்ப் பழித்த இடங்களை நியாயப்படுத்த இயலாது. குற்றத்தைச் செய்த அமைப்பைக் கண்டிப்பதும், அவ்வமைப்பில் பிறந்துவிட்ட ஒவ்வொருவரையும் குற்றவாளியாக்குவதும் ஒன்றாகா. அதேவேளை, அவ்வெறுப்பு எந்த மண்ணில் முளைத்தது என்று பாராமல் செடியை மட்டும் பழிப்பது திறனாய்வு ஆகாது. கொங்குநாட்டுத் தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு ஒரு குவளையும் மற்றச் சாதியினருக்கு ஒரு குவளையும் தனித்தனியே வைத்திருந்த காலம் நெடுந்தொலைவில் இல்லை. சாதி மாறி மணந்த குற்றத்துக்காக உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே பட்டப்பகலில் ஓர் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டது 2016இல். பெரியார் பிறந்த மண்டலத்திலேயே அவருடைய பணி பாதியில் நிற்கின்றது. ஆட்சிக்கு வந்த கட்சிகள் அவருடைய படத்தைச் சுவரில் மாட்டினவே தவிர, இக்குவளைகளை உடைப்பதில் போதிய ஊக்கம் காட்டவில்லை என்று ஒடுக்கப்பட்ட மக்களின் எழுத்தாளர்கள் கூறும் குறையில் நியாயம் இருக்கின்றது.

ஒப்புமையின் எல்லை

ஒப்பிடுவோர் வேறுபாட்டையும் சொல்லக் கடமைப்பட்டவர்கள். அமெரிக்கக் கறுப்பின மக்கள் அந்நாட்டில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கினர். பல மாநிலங்களில் சிதறி வாழ்பவர்கள். தனிநாடு கேட்பதற்கு அவர்களுக்கு ஒரு நிலப்பரப்பு இல்லை. தேசியம் பேசி ஆட்சியைப் பிடிக்கவும் இயலாது. திராவிட இயக்கத்துக்கோ நிலமும் மொழியும் பெரும்பான்மையும் இருந்தன. 1963 அக்டோபரில் நிறைவேறிய அரசியல் சட்டத்தின் பதினாறாவது திருத்தம், தேர்தலில் நிற்பவர் நாட்டின் ஒருமைப்பாட்டைக் காப்பதாக உறுதிமொழி எடுக்கவேண்டும் என்றது. அவ்வாண்டிலேயே தி.மு.க. தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது. நான்காண்டுகளில் ஆட்சியைப் பிடித்தது. அமெரிக்கா விவாத மேடையில் கேட்பதை இந்தியா சட்டத்தில் எழுதிவைத்தது. ஒருவகையில் இதுவே நேர்மையான வழி. எல்லோரும் எடுக்கும் உறுதிமொழியில் எவருக்கும் தனி அவமானம் இல்லை.

தேர்தலில் நில்லாத பெரியாரை அவ்வுறுதிமொழி கட்டுப்படுத்தவில்லை. ஆட்சியில் அமர்ந்தவர்கள் பெரியாரின் பெயரை வைத்துக்கொண்டு கோரிக்கையை விட்டனர். கோரிக்கையை விட்டது அறிவுடைமையே. அக்கோரிக்கைக்குக் காரணமான குறையையும் சேர்த்து மறந்துவிட்டால்தான் அது இழப்பு.

நாம் வெட்டிய பாதி

பிறரைக் குறை சொல்லி நிறுத்திக்கொள்வது எளிது. நம் சமுதாயம் இவ்விருவரையும் எவ்வாறு படித்திருக்கின்றது என்பதையும் பார்க்கவேண்டும்.

மால்கமின் தன்வரலாறு நம்மிடையே பெரிதும் போற்றப்படும் நூல். அதை எழுத்தாக்கியவர் அலெக்ஸ் ஹேலி. மால்கம் 1963இல் தம் கதையைச் சொல்லத் தொடங்கியபோது எலிஜாவின் நம்பிக்கைக்குரிய தொண்டர். 1964 மார்ச்சில் அவ்வியக்கத்தை விட்டு விலகினார். ஏப்ரலில் ஹஜ்ஜுக்குச் சென்றார். திரும்பியபின், முன்பு சொன்ன பகுதிகளை மாற்றியமைக்க விரும்பியவரை, அவை அவ்வாறே இருக்கட்டும் என்று ஹேலி இணங்கச் செய்தார். ஆகவே அந்நூலுக்குள் இரு மனிதர் வாழ்கின்றனர்: தலைவனை வழிபடும் தொண்டர் ஒருவர், அவ்வழிபாட்டிலிருந்து விழித்தவர் ஒருவர். நூலின் உயிர் இம்முரணில்தான் இருக்கின்றது. மால்கம் தாமே பின்னிருந்து திருத்தியிருந்தால் தெளிவான நூல் கிடைத்திருக்கும். இத்துணை உண்மையான நூல் கிடைத்திராது.

நாமோ மக்காவில் வெள்ளை நிறத்தாரோடு ஒரே தட்டில் உண்ட அதிகாரத்தை மட்டும் திரும்பத் திரும்ப மேடையில் சொல்லிவருகிறோம். ஹஜ் அவருடைய இனவெறுப்பை நீக்கியது என்பது உண்மை. அதனால் அவருடைய போராட்டம் தணிந்தது என்பது பொய். 1964 ஜூனில் புதிய அமைப்பொன்றைத் தொடங்கி, அமெரிக்காவை மனித உரிமைக் குற்றத்துக்காக ஐக்கிய நாடுகள் சபைமுன் நிறுத்த முயன்றார். 1965 பிப்ரவரி 21இல் சுட்டுக்கொல்லப்படும்வரை அம்முயற்சியை விடவில்லை. அவர் விட்டது வெறுப்பை, கோபத்தை விடவில்லை. அவரைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்ட மூவரில் இருவர் நிரபராதிகள் என்று 2021இல்தான் நீதிமன்றம் கூறியது.

பெரியாரையும் அவ்வாறே பாதியாய்ப் படித்தோம். இன இழிவு நீங்க இஸ்லாமே நன்மருந்து என்று 1947இல் அவர் கூறியதை மீலாது மேடைதோறும் கேட்டிருக்கிறோம். அவர் இஸ்லாத்தை ஈமானின் வழியாகக் காணவில்லை. தீண்டாமை நோய்க்கு மருந்தாகவே கண்டார். அவர் இறைமறுப்பாளர், அதனை ஒருநாளும் மறைத்ததில்லை. நம் மேடையில் நின்றே நம்மவரின் மூடப்பழக்கங்களையும் பெண்களின் கோஷாவையும் கண்டித்தவர். மருந்து என்ற சொல்லை வாங்கிக்கொண்ட நாம், அம்மருந்தைத் தேடி வந்தோருக்கு என்ன செய்தோம்? 1981இல் நெல்லை மாவட்டம் மீனாட்சிபுரத்தில் ஏறத்தாழ 180 குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவியபோது நாடே அதிர்ந்தது. வளைகுடாப் பணம், அந்நியச் சதி என்று பேசப்பட்டது. அவர்கள் பட்ட இழிவைப் பற்றிப் பேசியவர் குறைவு. நம்முள்ளும், அவர்களைச் செய்தியாகக் கொண்டாடியவர் பலர். சம்பந்தியாக ஏற்க முன்வந்தவர் எத்தனை பேர் என்பதை நம் மனச்சான்றுக்கே விடுகிறேன்.

இன்னும் கசப்பான ஒன்றைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க இயலாது. 2017 மார்ச்சில் கோவையில், முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து பெரியாரின் வழியில் நாத்திகரான ஓர் இளைஞர் கொலை செய்யப்பட்டார். கைதானவர்கள் நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர்கள். பெரியாரின் அழைப்பைப் பாராட்டும் நாம், அவருடைய மறுப்பைச் சொன்ன ஒருவரை நம் தெருவில் வாழவிட இயலாதென்றால், நம் பாராட்டு வெறும் தன்னலம் ஆகிவிடும். மார்க்கத்தில் எவரையும் வற்புறுத்தலாகாது என்னும் இறைமறையின் ஆணை, நம்மோடு உடன்படாதவருக்காகவே அருளப்பட்டது. உடன்படுபவருக்கு அது தேவையில்லை.

ஒரு தலைவரை மதிப்பிடுவதற்கு மூன்று கேள்விகள் போதும் என்று நினைக்கிறேன். அவர் சுட்டிய கொடுமை உண்மையா? அவர் சொன்ன தீர்வு நியாயமானதா? தாம் தவறியதை உணர்ந்தபோது மாறினாரா? இம்மூன்றுக்கும் ஒரே விடை வரவேண்டும் என்பதில்லை. மால்கமுக்கு முதலாவதில் ஆம். இரண்டாவதில் எலிஜாவின் காலத்தில் இல்லை. மூன்றாவதில் மிகச் சிறப்பாக ஆம். பெரியாருக்கு முதலாவதில் ஐயமின்றி ஆம்; இரண்டாவதில் சிலவற்றில் ஆம், சிலவற்றில் இல்லை; மூன்றாவதில் வாசகர்களின் எண்ணம் வேறுபடலாம். கிங்குக்கும் நேருவுக்கும் நம் சமுதாயத் தலைவர்களுக்கும் இதே கேள்விகளைக் கேட்கவேண்டும். சிலரிடம் மட்டும் கேட்டால் அது மதிப்பீடாகாது, விசாரணையாகும்.

அமெரிக்காவின் அஞ்சல்தலையையும் இந்தியாவின் அஞ்சல்தலையையும் நான் பழிக்கவில்லை. மறதியைவிட அவை மேல். ஆனால் அஞ்சல்தலையில் முகம் மட்டுமே இருக்கும். குரலுக்கு அங்கே இடமில்லை. நம் வீட்டு இளைஞர்களும் பெண்மக்களும் மால்கமின் தன்வரலாற்றை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிக்கட்டும். குடிஅரசின் பழைய தொகுப்புகளையும் அவ்வாறே, நமக்குக் கசக்கும் பக்கங்களைத் தாண்டாமல் படிக்கட்டும். படித்துவிட்டு நம்மிடம் கேள்வி கேட்டால், பொறுமையோடு விடை சொல்ல வல்ல இறைவன் நமக்கு அருள்புரிவானாக.